இசைக்குழுவில் கீபோர்ட்: இடக்கைக்கு என்ன வேலை?

வீட்டில் தனியே வாசிக்கும்போது பேஸ் என்கிற அடிச்சுரம், கோர்ட் என்கிற கூட்டுச்சுரம், தாளம் மூன்றும் இடக்கையின் பொறுப்பு. அதே பழக்கத்தோடு குழுவில் வாசித்தால் சத்தம் கலங்கும். மிக்சரில் நிற்பவர் உடனே கீபோர்ட் சனலைக் குறைப்பார். இடக்கை செய்த பிழைக்கு வலக்கை வாசித்த புல்லாங்குழல் ஒலியும் சேர்ந்து அமுங்கிப்போகும்.

பேஸ் கிற்றாரின் ஆகத் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. காலால் அடிக்கிற கிக் ட்றமின் அடி பெரும்பாலும் 50க்கும் 100க்கும் இடையில். 61 கட்டைக் கீபோர்டின் இடது ஓரத்துச் சி 65 ஹேர்ட்ஸ். மூன்றும் ஒரே இடத்தில் முட்டுப்பட்டால் எந்தச் சுரம் என்றே தெரியாது, வெறும் உறுமல்தான் கேட்கும். சீமெந்துச் சுவர் போட்ட கல்யாண மண்டபத்தில் இது இன்னும் மோசம். ஆகவே பேஸ்காரர் மேடையில் இருந்தால், இடப்பக்கமிருந்து இரண்டாவது சிக்கு (131 ஹேர்ட்ஸ்) கீழே கையைக் கொண்டுபோகாதீர்கள்.

அதற்கு மேலேயும் மூன்று விரல் கோர்ட் வேண்டாம், இரண்டு சுரம் போதும். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று போகிற பாட்டை எடுங்கள். இரண்டாவது சிக்கும் மூன்றாவது சிக்கும் இடையில் இப்படிப் பிடியுங்கள்: ஏ மைனருக்கு ஈ–சி, எஃப்புக்கு எஃப்–சி, சிக்குத் திரும்பவும் ஈ–சி, ஜிக்கு டி–பி. விரல் ஒரு கட்டைக்கு மேல் எங்கும் நகர்வதில்லை. ஏ மைனருக்கும் சிக்கும் நீங்கள் பிடிப்பது ஒரே இரண்டு சுரம் என்பதைக் கவனியுங்கள். கோர்ட் மாறியதைக் காட்டுவது பேஸ்காரரின் ஏயும் சியும்தான். எஃப்பில் விடுபட்ட ஏயை வலக்கை எடுத்துக்கொள்ளட்டும்.

பேஸ்காரர் சி கோர்ட்டுக்கு வேண்டுமென்றே ஈ வாசிக்கிற இடங்கள் சினிமாப் பாட்டில் நிறைய வரும். அங்கே நீங்கள் கீழே ஒரு சியை அழுத்தினால் அவர் செய்த நுணுக்கம் அதோடு சரி.

எல்லாக் கட்டையின் சுருதியையும் ஒரேயளவு ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் இன்னொரு பொறி. பாடுகிறவருக்காக +2 போட்டிருந்தால் நீங்கள் பிடிக்கிற சி, டி ஆக ஒலிக்கும். உங்கள் கையைப் பார்த்து வாசிக்கிற பேஸ்காரர் சியைத்தான் பிடிப்பார். ஒலிக்கிற கோர்ட்டின் பெயரை முதலே சொல்லிவிடுங்கள். -5 போட்டால் இரண்டாவது சி 98 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும், ஆகவே கையை அந்தளவுக்கு மேலே ஏற்றிப் பிடிக்க வேண்டும்.

தாளத்தில் கிக் விழுகிற இடத்தை விட்டுக்கொடுங்கள். பைலா மாதிரியான ஆறு எண்ணிக்கைப் பாட்டில் கிக் 1இலும் 4இலும் விழுந்தால், இடக்கை 3இலும் 6இலும் குட்டையாகத் தட்டிவிட்டு எழும்பட்டும். கிற்றார்காரரும் அதையே அடிக்கிறார் என்றால் இடக்கையை எடுத்துவிடலாம். சும்மா இருக்கிற கை குழுவுக்கு ஒரு கேடும் செய்யாது.

எங்கள் மேடைகளில் இடக்கைக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு: சுருதியை மேலும் கீழும் வளைக்கிற பிட்ச் பென்ட் சில்லு. வலக்கை புல்லாங்குழலோ வயலினோ நாதஸ்வரமோ வாசிக்கும்போது, சில்லில் கை இல்லாவிட்டால் கமகம் வராது, சுரங்கள் படிப்படியாகக் குதிக்கும். வழமையாக அதன் எல்லை இரண்டு அரைச்சுரம். நி–ச, க–ம போன்ற அரைச்சுர இழைப்பு அதிகமுள்ள பாட்டுக்கு எல்லையை 1 ஆக மாற்றுங்கள். சில்லை முட்டும்வரை தள்ளினாலே சுருதி சரியாக வந்து நிற்கும், பாதியில் நிறுத்தித் தடுமாறத் தேவையில்லை. கீழ்ச் சுரத்தை அழுத்தி, மேலே தள்ளி, அந்தக் கட்டையை விட்ட பிறகே சில்லை விடுங்கள். முதலே விட்டால் சுரம் பொத்தென்று கீழே விழும். மெதுவாக அடங்குகிற (ரிலீஸ் நீளமான) ஒலியில் கட்டையை விட்ட பிறகும் அந்த விழுகை கேட்கும், அங்கே ஒரு கணம் பொறுத்து விடுங்கள். கூடவே ஸ்ட்ரிங்ஸ் ஒலிக்கிறதென்றால் அந்தப் பகுதிக்குப் பிட்ச் பென்டை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் கோர்ட் முழுவதும் சேர்ந்து வழுக்கும்.

பேஸ்காரர் வராத நாளில் கணக்கே வேறு. இரண்டாவது சிக்கும் மூன்றாவது சிக்கும் நடுவிலுள்ள எஃப் ஷார்ப்பில் ஸ்ப்ளிட் போட்டு (கீபோர்டை இரண்டு ஒலிப் பகுதியாகப் பிரித்து), கீழ்ப்பகுதிக்கு விரலால் மீட்டுகிற பேஸ் ஒலியைக் கொடுங்கள். பல கீபோர்டுகளில் ஒக்டேவ் -1 வைக்க வேண்டியிருக்கும். அப்போது ஆகக் கீழுள்ள ஈ, பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியோடு ஒத்துப்போகும். ஒரு நேரம் ஒரே சுரம்: மூலச் சுரமும் ஐந்தாம் சுரமும் போதும், கிக்கோடு ஒட்டி வாசியுங்கள். இங்கே அடிக்கடி வருகிற பிழை, சுரத்தை நீட்டுகிற சஸ்டெயின் பெடல். வலக்கைப் பியானோவுக்காக மிதிக்கும்போது பேஸும் நீண்டு, பழைய கோர்ட்டின் சுரம் புதியதில் கலக்கும். கீழ்ப்பகுதிக்குச் சஸ்டெயினை அணைத்துவிடுங்கள்.

கீபோர்டே தாளமும் பக்கவாத்தியமும் வாசிக்கிற ஸ்டைலை ஓடவிட்டு வாசித்தால் இடக்கை கோர்ட்டை அறிவிக்க மட்டுமே. மூன்று விரலும் ஒரே கணத்தில் விழவேண்டும். ஒன்று பிந்தினால் இடையில் வேறொரு கோர்ட் தலைகாட்டிவிட்டுப் போகும். பேஸ்காரரும் இருந்தால் ஸ்டைலின் பேஸ் பகுதியை மியூட் செய்யுங்கள்.

பூங்காவனத் திருவிழா இரவுகளில் சவுண்ட்காரர் மாலையிலேயே எல்லாச் சனலையும் ஒழுங்குபடுத்திவிடுவார். கீபோர்ட் சனலில் 80 அல்லது 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுகிற லோ கட் போட்டிருப்பார். பேஸ்காரர் இருந்தால் அது நல்லதுதான். இடக்கையால் பேஸ் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் அதை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு ஆகக் கீழ் ஈயை ஒருமுறை அழுத்தி, மேடைக்கு வெளியே நிற்கிற ஒருவரிடம் கேட்கிறதா என்று விசாரியுங்கள்.