குடும்பப் பெயரின் வேரைத் தேடுவது எப்படி: சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு முழுத்தாளை எடுத்துக்கொண்டு, உங்கள் பெயர் பள்ளி மாற்றுச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதல் வரியில் எழுதுங்கள். அதன் கீழே ஆதார் அட்டையில் உள்ளதையும், கடவுச்சீட்டில் உள்ளதையும், வீட்டில் பழைய பத்திரம் ஏதேனும் இருந்தால் அதில் உங்கள் தந்தையோ பாட்டனோ குறிக்கப்பட்டிருக்கும் விதத்தையும் எழுதுங்கள். நான்கு வரிகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் குடும்பம் சென்னையில் அரிது. தேடல் அந்த வேறுபாடுகளிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர, அகராதியிலிருந்தோ, பெயரைத் தட்டியவுடன் பூர்வீகம் சொல்லும் இணையதளங்களிலிருந்தோ அன்று.

இதை அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் பேரனுக்குப் பள்ளியில் ஒரு பாடத்திட்டப் பணி கொடுத்தார்கள்: உன் குடும்பப் பெயரின் தோற்றம், பொருள், இன்று அதைத் தாங்குவோர் எத்தனை பேர் என்று எழுதி வா. அவனுடைய குடும்பப் பெயர் 'ஏகாம்பரம்'. ஓர் இணையதளம் அதை ஒரு பழங்குலத்தின் பெயர் என்று கூறி, ஒரு சின்னத்தையும் வரைந்து காட்டியது. ஏகாம்பரம் என்பது எங்கள் அப்பாவின் பெயர். 1980களில் அண்ணன் வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது, விண்ணப்பத்தை நிரப்பிய முகவர் 'ஏ.' என்ற தலைப்பெழுத்தை விரித்துக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதினார். அது அண்ணன் மகனுக்கும் பேரனுக்கும் அப்படியே தொடர்ந்தது. அந்தக் குலத்தின் வயது ஏறத்தாழ நாற்பது ஆண்டு.

ஆகவே முதல் கேள்வி 'பொருள் என்ன?' என்பதன்று, 'பெயரின் கடைசியில் நிற்கும் இந்தச் சொல் எந்த வகையைச் சேர்ந்தது, யாருடைய காலத்தில் அங்கே வந்து உட்கார்ந்தது?' என்பதே. அந்தக் கட்டத்தில் யாராவது எதையாவது எழுதியே ஆக வேண்டிய நெருக்கடி அண்மையிலும் நேர்ந்தது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, பல குடும்பங்களில் தந்தையின் பெயர் அவசரமாகக் குடும்பப் பெயராயிற்று.

சொல்லின் வகையை அறிதல்

தமிழ்ப் பெயர்களைச் சூழ்ந்து நிற்கும் சொற்களில் தந்தை பெயர், ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், பட்டம், குடிப் பெயர் ஆகிய ஐந்தும் முக்கியமானவை. எல்லோரும் அறிந்தவர்களைக் கொண்டே இதைப் பழகிக்கொள்ளலாம். அண்ணாதுரையின் 'சி.என்.' என்பதில் முதலெழுத்து காஞ்சிபுரம், இரண்டாவது தந்தை நடராசன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்.' மதுரை, 'எஸ்.' தாயார் சண்முகவடிவு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணியில். ஆனால் அவர் பெயரின் முன்னே நிற்கும் சர்வபள்ளி, முன்னோர் வாழ்ந்த நெல்லூர்ப் பக்கத்து ஊர். தெலுங்கு வழக்கில் இதனை இண்டிபேரு, அதாவது வீட்டுப் பெயர், என்பார்கள். அது பெயருக்கு முன்னால் நின்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். சி.வி. இராமனில் 'சி.' தந்தை சந்திரசேகர், 'வி.' தந்தையுமன்று, ஊருமன்று, வெங்கடராமன் என்ற அவருடைய சொந்தப் பெயரின் முற்பாதி.

நம் ஊரின் பெயரே இதற்கு நல்ல பயிற்சி. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் இடம் கொடுத்த நாயக்கர்கள், தங்கள் தந்தை தாமர்ல சென்னப்ப நாயக்கரின் பெயரால் ஊரை அழைக்கச் செய்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அதில் தாமர்ல வீட்டுப் பெயர், சென்னப்ப இயற்பெயர், நாயக்கர் பட்டம். நகரத்துக்கே தந்தை பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

குடிப் பெயர் என்பது பெரும்பாலும் பெயரில் எழுதப்படாது. வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருக்கும். குன்றத்தூர்ச் சேக்கிழாரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர். உலகம் அறிந்த பெயர் அவருடைய குடிப் பெயர். கொங்குப் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்த வேளாளர் குடும்பங்களில் 'உங்க கூட்டம் எது?' என்று கேட்டால் ஆந்தை, காடை என்று விடை வரும். ஒரே கூட்டத்துக்குள் மணவுறவு கிடையாது. நகரத்தார் தங்களை இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில் முதலான ஒன்பது கோயில்களைக் கொண்டு பிரித்தறிகிறார்கள். பெயருக்கு முன் வரிசையாக நிற்கும் அவர்களுடைய தலைப்பெழுத்துகளுக்கு விலாசம் என்று பெயர். மேலைநாட்டார் குடும்பப் பெயரைக் கொண்டு அறிந்துகொள்ளும் உறவை, நம்மவர் கூட்டத்தாலும் கோயிலாலும் கோத்திரத்தாலும் அறிந்துகொண்டார்கள். ஆதலால் கடைசிச் சொல் உதவாத இடத்தில் குலதெய்வத்தைக் கேளுங்கள். குலதெய்வத்தின் கோயில் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரின் சுற்றுவட்டத்தில்தான் பெரும்பாலும் பழைய நிலமும் பழைய பெயரும் கிடக்கும்.

பட்டங்கள்: அதிகம் வழுக்கும் இடம்

முதலியார், பிள்ளை, நாயக்கர், செட்டியார் போன்றவை பட்டங்கள். ஒரு பட்டம் ஒரே சாதிக்கு உரியது என்று எண்ணிக்கொண்டு தேடப் புகுந்தால் தவறான குடும்ப மரத்தில் ஏறி நிற்க நேரும். முதலி என்றால் தலைவன். 'ஆர்' மரியாதை விகுதி. இதைத் தொண்டை மண்டல வேளாளரும் செங்குந்தரும் அகமுடையாரில் ஒரு பகுதியினரும் தாங்கினார்கள். பிள்ளை என்ற சொல்லுக்குக் குழந்தை என்பதே முதற்பொருள். வேளாளர், கருணீகர், இசைவேளாளர் எனப் பலர் அதைக் கொண்டிருந்தார்கள், கேரளத்தில் நாயர்களிலும் உண்டு. வேதியரைக் குறித்த ஆச்சாரியும், தச்சரையும் பொற்கொல்லரையும் குறித்த ஆசாரியும் ஒரே வடசொல்லின் இரு கிளைகள். பாதிரியாராக வந்து திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த போப், தமிழர் வாயில் போப்பையர் ஆனார். அங்கே ஐயர் என்பது பெரியவர் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பட்டங்கள் எப்போது மறைந்தன என்பதும் உங்கள் தாளில் தெரியும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. அதற்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் பெயரைத்தான் தி.நகரில் பாண்டி பஜார் என்று சுருக்கி அழைக்கிறோம். மாநாட்டுக்கு மறுநாளே எல்லோரும் பட்டத்தைத் துறந்துவிடவில்லை. எங்கள் வீட்டில் நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் மெல்லிய தாள் ஒட்டிய 1952ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் அப்பா 'இன்னார் முதலியார் பேரனும் இன்னார் முதலியார் குமாரருமான ஏகாம்பர முதலியார்' என்று மூன்று தலைமுறையாகப் பட்டத்தோடு நிற்கிறார். 1960களில் அவர் என்னைப் பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்து வெறும் ஏகாம்பரம். எங்கள் குடும்பத்தில் பட்டம் உதிர்ந்தது அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் என்று இந்த இரண்டு தாள்களும் சொல்லிவிடுகின்றன. பட்டத்தைக் குடும்ப வரலாற்றில் குறித்துக்கொள்வது வேறு, அதை மீண்டும் பெயரில் ஒட்டிக்கொள்வது வேறு. நான் இங்கே முதலாவதைப் பற்றியே பேசுகிறேன்.

தாள்களைத் தேடுதல்

பழைய கிரயப் பத்திரத்துக்கு இணையான ஆவணம் வேறில்லை. பாட்டன் பெயர், தந்தை பெயர், பட்டம், தெரு, கதவு எண் ஆகியவை ஒரே வாக்கியத்தில் கிடைக்கும். பத்திரம் கைவசம் இல்லையென்றால், சொத்தின் சர்வே எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், அதில் வரும் ஆவண எண்ணைக் கொண்டு நகலும் பெறலாம். அடுத்தது கல்யாணப் பத்திரிகை. பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் விரித்த தாளாகக்கூட அது கிடைக்கும், இரு வீட்டுப் பூர்வீக ஊரும் அதில் அச்சாகியிருக்கும்.

தமிழில் எழுதப்பட்ட சான்றிதழ் கிடைத்தால் அதை ஆங்கிலச் சான்றிதழுக்கு மேலாக மதியுங்கள். ஆங்கிலத்தில் 'வி.' என்று ஒற்றை எழுத்தாக நிற்பது வரதனாகவும் இருக்கலாம், விசுவநாதனாகவும் வேங்கடபதியாகவும் இருக்கலாம். தமிழில் 'வ.', 'வி.', 'வே.' என்று உயிரொலி சேர்ந்து நிற்பதால் பாதிப் புதிர் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

சொல் ஒரு பதவியைக் குறிப்பதாக இருந்தால் வயதானவர்களைக் கேட்பதே விரைவான வழி. தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. ஆகவே 'கர்ணம் வீடு', 'மணியக்காரர் வீடு' என்று அழைக்கப்பட்டதன் காரணத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பெருந்துணை. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பதிவேடுகளும் அந்தக் காலத்திலிருந்தே தொடங்குகின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியாகப் போங்கள். ஊர், தாலுகா, ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற மூன்றும் கையில் இல்லாமல் போனால், அங்குள்ள கடலில் ஒரு பெயரைத் தேட முடியாது.

பொருளைத் தேடுதல்

இப்போதுதான் அகராதி. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பட்டப் பெயர்களுக்கும் பதவிப் பெயர்களுக்கும் அது பெரும்பாலும் போதும். சோழர் காலத்துக்குப் போக வேண்டியிருந்தால், நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்களின் தொகுப்பைப் பெரிய நூலகங்களில் கேளுங்கள். உடையான், கிழவன், அரையன், வேளான் என்று முடியும் பெயர்கள் எந்த வட்டாரக் கல்வெட்டுகளில் வருகின்றன என்பதை அதில் பார்க்கலாம்.

சொல்லை நீங்களே பிரித்துப் பொருள் கண்டுவிடாதீர்கள். ஏகாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஏக', 'அம்பரம்' என்று பிரித்தால் ஒற்றை வானம் என்றோ ஒற்றை ஆடை என்றோ பொருள் வரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காஞ்சிபுரத்து இறைவனின் பெயர். தேவாரத்தில் அந்தக் கோயில் கச்சி ஏகம்பம் என்றே வருகிறது, இறைவன் கம்பன் எனவும் பாடப்படுகிறான். ஏகம்பம் என்பதன் மூலம் 'ஏக ஆம்ரம்', அதாவது ஒற்றை மாமரம். அந்தக் கோயிலின் தல மரமும் மா. வானம் பிற்காலத்து ஒலி மயக்கத்தில் நுழைந்தது. எந்தப் பெயரானாலும் அதன் பழைய எழுத்து வடிவத்தைக் கண்டுபிடித்த பிறகே பிரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

எத்தனை பேர் என்று எண்ணுதல்

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர்களின் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. உலகப் பெயர்களின் எண்ணிக்கையைத் தரும் இணையதளங்கள், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, தந்தை பெயரையும் குடும்பப் பெயரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன. அங்கே கிருஷ்ணன் என்ற குடும்பப் பெயருக்கு லட்சக்கணக்கில் ஆள் காட்டினால், அத்தனை பேருக்கும் தந்தையோ பாட்டனோ கிருஷ்ணன் என்று இருந்தார் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை.

நாமே செய்யக்கூடியது வாக்காளர் பட்டியலை வைத்து ஒரு சிறிய மாதிரிக் கணக்கு. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாக, பாகம்வாரியாகப் பட்டியல்கள் கிடைக்கின்றன. சென்னை மாவட்டத்தில் மட்டும் 16 தொகுதிகள் உண்டு. உங்கள் பூர்வீக ஊர் அடங்கிய பாகம் ஒன்றையும், இப்போது குடியிருக்கும் பாகம் ஒன்றையும், தொடர்பில்லாத பாகம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, உங்கள் சொல் வாக்காளரின் பெயரில் எத்தனை முறை, தந்தை அல்லது கணவர் பெயரில் எத்தனை முறை வருகிறது என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். பக்கங்கள் படமாக இருப்பதால் கணினியின் தேடல் பெரும்பாலும் உதவாது. ஒரு மாலைப்பொழுது ஆகும். சொல் தனியே நின்று ஒருவரை முழுமையாகக் குறித்தால் அது ஆட்பெயர். ஒரே வீட்டில் வெவ்வேறு ஆட்களின் பெயர்களுக்குப் பின்னால் மாறாமல் வந்தால் அது பட்டம் அல்லது நிலைத்துவிட்ட குடும்பப் பெயர். பெயருக்கு முன்னால் மாறாமல் வந்தால் இண்டிபேருவாக இருக்க வாய்ப்பு மிகுதி. எந்த ஆண்டுப் பட்டியல், எந்தப் பாகம் என்பதை எண்ணிக்கையோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

பட்டப் பெயராக இருந்தால் கடல் கடந்தும் பார்க்க வேண்டும். இங்கே உதிர்ந்தவை அங்கே உறைந்துபோயின. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுடைய கப்பல் பதிவேடுகளில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. முதலி அங்கே மூட்லி ஆயிற்று. நாயுடு நைடூ ஆயிற்று. பிள்ளையும் படையாச்சியும் எழுத்து சற்றுத் திரிந்து இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. எனவே ஆங்கில எழுத்தில் தேடும்போது ஒரே வடிவத்தை நம்பாமல், நான்கைந்து திரிபுகளையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

அண்ணன் பேரனுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: 'ஏகாம்பரம் உன் கொள்ளுத்தாத்தாவின் பெயர். காஞ்சிபுரத்துச் சாமியின் பெயரை அவருக்கு வைத்தார்கள். மூலப்பொருள் ஒற்றை மாமரம். இது ஆட்பெயராக இங்கே பலருக்கு உண்டு. நம் குடும்பத்தில் இதைக் குடும்பப் பெயராகத் தாங்குவது நீ, உன் அப்பா, உன் தாத்தா ஆகிய மூவர் மட்டுமே.' கூடவே அந்த 1952ஆம் ஆண்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். பாட்டன் பெயர் இருந்த வரியில் ஒரு எழுத்து மடிப்பில் கிழிந்திருக்கிறது, அது என்ன எழுத்து என்று கேட்டு மறுநாளே பதில் போட்டிருந்தான்.