சக்கரம் இல்லாமல் ஒரு கருப்புப் பானை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் புவெப்லோ பழங்குடியினர் பானை செய்யச் சக்கரம் வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் கைவேலைதான். சான் இல்டெஃபான்சோ ஊரின் மரியா மார்டினெஸும் அவர் கணவர் ஜூலியனும் செய்த கருப்புப் பானைகள் உலகப் புகழ் பெற்றவை. அந்தக் கருப்பு சாயமே இல்லை, புகை கொடுத்த நிறம். அதே வழியில் சின்னதாக ஒன்று செய்து பார்க்கலாம்.

மண் எடுக்கும் முன் சோளமாவு தூவி, களிமண் தாய்க்கு நன்றி சொல்வது அவர்கள் மரபு. உங்களுக்குக் கிடைக்கும் மண்ணைப் பென்சில் பருமனுக்கு உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காவிட்டால் சரி. காயவைத்துப் பொடித்து, தண்ணீரில் ஊறவிட்டு, வேரும் கல்லும் போக வடிகட்டுங்கள். கெட்டியானதும் நைசான மணல் சேர்த்துப் பிசைய வேண்டும். அங்கே எரிமலைச் சாம்பல் சேர்க்கிறார்கள். மணலோ சாம்பலோ சேர்க்காவிட்டால் சூட்டில் பானை விரிசல் விடும்.

ஆழமில்லாத ஒரு கிண்ணத்துக்குள் அடிப்பாகத்தை அழுத்தி வையுங்கள். அதன்மேல் மண்ணைக் கயிறுபோல் உருட்டிச் சுற்றிச் சுற்றி அடுக்கி, இணைப்பு தெரியாமல் தேய்த்துவிடுங்கள். சுரைக்காய் ஓட்டுத் துண்டால் சுரண்டினால் சுவர் சீராகும். நிழலில் நன்றாகக் காயட்டும். பிறகு உப்புத்தாளால் தேயுங்கள்.

இனி வருவதுதான் உயிரான வேலை. இரும்புச்சத்துள்ள செம்மண்ணின் நைசான குழம்பைப் பூசி, ஈரம் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. பூச்சு காய்ந்துவிட்டால் கல் கீறிவிடும், முழுவதையும் மறுபடி பூச வேண்டியதுதான். விரல் நுனியில் கல் மெல்ல வழுக்க ஆரம்பிக்கும்போது பளபளப்பு ஏறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பானைக்கு வேறு மெருகு எதுவும் கிடையாது.

சுடுவதைக் காற்று அதிகமில்லாத நாளில், திறந்தவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பானையை முதலில் வெதுவெதுப்பாகச் சூடேற்றி, இரும்புக் கம்பித் தட்டில் கவிழ்த்து, கீழே விறகும் சுற்றிலும் தகரமும் வரட்டியும் அடுக்குங்கள். தீ நன்றாகப் பிடித்ததும் உலர்ந்த குதிரைச் சாணத் தூளைக் கொட்டி முழுவதும் மூடுங்கள். உள்ளே காற்று போகாததால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு மாறுகிறது, புகைக்கரியும் படிகிறது, சிவப்பு கருப்பாகிறது. புகை கசியும் இடத்தில் இன்னும் தூள் போடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள்.

இது குறைந்த சூட்டில் வெந்த பானை. தண்ணீர் ஊற்றினால் ஊறிக் கசியும், மினுமினுப்பும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அலங்காரத்துக்கு அவர்கள் குலத்தின் கோலங்களை எடுத்துப் போடாமல், உங்கள் சொந்தக் கோடுகளை வரையுங்கள்.