தரங்கம்பாடிக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமைதியான கடற்கரை, அதிகம் செலவு வைக்காத ஊர் என்று யார் கேட்டாலும் நான் தரங்கம்பாடியைத்தான் சொல்வேன். போய்விட்டு வந்தவர்களில் பாதிப் பேர் "ஊர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அலைச்சல்" என்கிறார்கள். அந்த ஊரில் எப்படி அலைச்சல் வரும் என்று விசாரித்தால், எல்லாரும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சன்ஸ்கிரீன், தொப்பியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஓய்வுக்கு வந்துவிட்டு கார் எடுப்பது

இதுதான் பணத்தையும் விடுமுறையையும் சேர்த்து விழுங்குகிற தவறு, இன்னமும் எனக்குக் கோபம் வருவது இதன்மேல்தான்.

போன வருடம் என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு போனான். கடலோரம் என்பதற்காகவே கூடுதல் வாடகை கொடுத்து நல்ல அறை பிடித்திருந்தான். போன அன்று இரவே யாரோ "இவ்வளவு தூரம் வந்துட்டு திருநள்ளாறு போகாமலா?" என்று கேட்க, மறுநாள் காலையில் கார் வந்து நின்றது. திருநள்ளாறு, அங்கிருந்து நாகூர், வேளாங்கண்ணி. அடுத்த நாள் கீழப்பெரும்பள்ளம், திருவெண்காடு, வைத்தீஸ்வரன்கோயில், முடிந்தால் பூம்புகார். வேளாங்கண்ணி மட்டுமே ஒரு பக்கம் 40 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, வழியில் சாப்பாடு, பார்க்கிங் என்று கூட்டிப் பார்த்தால் கார் செலவு அறை வாடகையைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான கோயில்களில் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை குழந்தைகளோடு காருக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே காசு கொடுத்த அறை பூட்டிக் கிடக்கிறது, கடல் காற்று யாருக்கோ வீசுகிறது. திரும்பி வந்தவன் என்னிடம் கேட்டது, "கோட்டைக்குள்ள என்ன இருக்கு?" தங்கிய இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்!

இந்த ஊரைப் பார்க்க வண்டியே தேவையில்லை. 1620இல் டேனிஷ்காரர்கள் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயம், கடல் அரித்தது போக மிச்சம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், பழைய நகர வாயில், எல்லாம் ராஜ வீதியும் அதை ஒட்டியும்தான். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று நடந்தால் போதும். நடுவில் தூங்குங்கள், படியுங்கள், திண்ணையில் உட்கார்ந்து கதை பேசுங்கள், அதற்குத்தானே லீவு போட்டுவிட்டு வந்தீர்கள்.

கோயிலைத் தவிர்க்கச் சொல்லவில்லை. வருகிற நாளிலோ கிளம்புகிற நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து மெயின் லைன் ரயிலில் வந்தால் சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், மயிலாடுதுறை மூன்றும் வரிசையாக வரும். மயிலாடுதுறையில் இறங்கி, திருக்கடையூர், தரங்கம்பாடி வழியாகப் பொறையாறு போகிற பேருந்தில் ஏறினால் வழியிலேயே அபிராமியைத் தரிசித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். வீட்டில் பெரியவர்களுக்கு அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் வைத்திருந்தால் இன்னும் நல்லது, விசேஷம் முடிந்ததும் உறவினர்களை அனுப்பிவிட்டு இரண்டு நாள் இங்கே வந்து தங்குங்கள்.

மாதம் பார்க்காமல் முன்பதிவு

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் என்று செய்தி வந்தால் கடற்கரைப் பக்கமே போக முடியாது, அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் சரி. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, பாதயாத்திரைக் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க இருக்கும், அமைதி தேடி வருகிறவர்களுக்கு அந்த நாட்கள் ஒத்துவராது. ஜனவரி, பிப்ரவரி அருமை. அதிலும் பொங்கல் விடுமுறையைத் தள்ளிவிட்டு, வார நாளாகப் பாருங்கள்.

மே மாதம் வந்து மீன் கேட்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. நாட்டுப் படகு மீன் கொஞ்சம் வரும், விலை கூடும்.

குளிக்க இறங்குவது

அலை இழுக்கும், கரையில் பாறை கொட்டியிருக்கிறார்கள். வேண்டாம்.

காரைக்காலிலிருந்து பாட்டில்

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கிருந்து மது பாட்டில் வாங்கி வரலாம் என்று நினைக்காதீர்கள், எல்லையில் நண்டலாற்றில் சோதனைச் சாவடி இருக்கிறது.

பசி வந்த பிறகு ஹோட்டல் தேடுவது

இது சின்ன ஊர், நினைத்த நேரத்துக்கு எல்லாம் கிடைக்காது. தங்குமிடத்தில் சமையல் உண்டா என்று அறை போடும்போதே கேளுங்கள். உண்டு என்றால் காலையிலேயே மதியச் சாப்பாடு எத்தனை பேருக்கு, என்ன மீன் வந்திருக்கிறது, ராத்திரிக்கு இட்லியா தோசையா என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பொறையாறு பக்கத்தில்தான், ஆனால் ராத்திரி கடை அடைப்பதற்குள் போய்விட வேண்டும், குழந்தைகள் இருந்தால் பிஸ்கட்டும் பழமும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.