பாவசங்கீர்த்தனத்தில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தால் பங்குக் கோயில்களில், குருவிடம் பாவங்களைச் சொல்லும் தொட்டியின் (பாவசங்கீர்த்தனக் கூண்டின்) முன்னால் வரிசை நீள்கிறது. ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே அதிகம். "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பூசைக்குப் போகல, அவ்வளவுதான் சாமி." போன வருடம் சொன்னதும் இதுவேதான். பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு அருட்சாதனம் இப்படித்தான் ஒப்பித்தலாகிவிடுகிறது.

பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் பாடம்) நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்களைச் சொல்கிறது: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக வருந்துவது), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற தீர்மானம்), குருவிடம் பாவங்களைச் சொல்வது, அபராதம் (குரு தரும் பரிகாரம்) தீர்ப்பது. சொல்வது நான்காவதாகத்தான் வருகிறது. நாமோ அதற்கு மட்டும் தயாராகிறோம்.

ஆத்தும சோதனையை வரிசையில் நின்றுகொண்டு செய்வது முதல் தவறு. முந்தின நாள் இரவு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துக் கட்டளைகளை வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் பூசையில் நாம் சொல்லும் மன்றாட்டே போதும்: சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும். இந்த நான்கில் கடைசியைத்தான் பெரும்பாலும் மறக்கிறோம். வீட்டு வேலைக்காரருக்குப் பிடித்துவைத்த சம்பளம், பார்க்கப் போகாத வயதான தாய், தெரிந்தும் வாய் திறக்காத அநியாயம் எல்லாம் அதில் அடங்கும். மறதி இருந்தால் தாளில் குறித்துக்கொள்ளலாம், முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். போனில் எழுதி வைக்க வேண்டாம்.

மனஸ்தாபம் என்றால் அழுகை என்று நினைத்துக் கலங்குகிறவர்கள் உண்டு. கண்ணீர் வராவிட்டால் குறையில்லை. கடவுளை நேசிப்பதால் வரும் வருத்தம் உத்தம மனஸ்தாபம், பாவத்தின் அருவருப்பாலோ தண்டனைக்குப் பயந்தோ வருவது அற்ப மனஸ்தாபம். தொட்டியில் மன்னிப்புப் பெற இரண்டாவதே போதும். குருவிடம் போக வழியில்லாதபோதுதான் முதலாவது தேவைப்படுகிறது. முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியோடு உத்தம மனஸ்தாபப்பட்டால் சாவான பாவமும் (மிகக் கனமான பாவமும்) மன்னிக்கப்படும். 2020 மார்ச்சில் கோவிட் ஊரடங்கின்போது வத்திக்கான் மக்களுக்கு நினைவூட்டியது இதைத்தான். போனிலோ வீடியோ அழைப்பிலோ அந்த அருட்சாதனம் செல்லாது, அன்றும் செல்லவில்லை.

பூசைத் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்கிறோமே, அது போதாதா? போதாது. சாவான பாவத்துக்கு அது அருட்சாதன மன்னிப்பு ஆகாது. வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு நேர்ச்சை செலுத்திவிட்டதால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பதும் அப்படித்தான். நேர்ச்சை நல்ல பக்தி, ஆனால் அது வேறு.

பிரதிக்கினையில் இரண்டு பக்கமும் சறுக்குகிறோம். "இனி நல்லவனாக இருப்பேன்" என்பதில் பிடிமானமே இல்லை. "சம்பள நாளில் அந்தக் கடைப் பக்கம் போக மாட்டேன்" என்பது பிரதிக்கினை. எதிர்ப்பக்கத்தில், "எப்படியும் மறுபடி விழுவேன், பிறகு எதற்குப் போக வேண்டும்?" என்று ஒதுங்குகிறவர்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு, விழத் திட்டமிடுவது வேறு. திட்டம் இருந்தால்தான் மன்னிப்புக்குத் தடை.

இனி சொல்வது. சாவான பாவம் என்றால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம். அப்படிப்பட்டவற்றின் வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 988. "திருடினேன்" என்பதைவிட "கடைக் கல்லாவிலிருந்து மூன்று தடவை எடுத்தேன்" சரி. எண்ணிக்கை தெரியாவிட்டால் "ஒரு வருடமாக, மாதம் இரண்டு தடவை போல" என்றால் போதும். கதை வேண்டாம், கூட்டாளியின் பெயரும் வேண்டாம். மாமியாரின் பாவத்தையும் கணவரின் பாவத்தையும் விளக்கிவிட்டு எழுந்து வருகிறவர்களும் உண்டு. அவை அவர்கள் சொல்ல வேண்டியவை.

வெட்கப்பட்டு ஒரு சாவான பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் முழுவதுமே செல்லாது. அடுத்த முறை மறைத்ததையும், அன்று சொன்ன மற்ற சாவான பாவங்களையும், மறைத்துவிட்டு நற்கருணை வாங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காயத்தைக் காட்ட நோயாளி வெட்கப்பட்டால், தனக்குத் தெரியாததை மருந்து குணமாக்காது என்றார் புனித எரோணிமுஸ். 1551-இல் திரிதெந்தின் (ட்ரென்ட்) பொதுச்சங்கம் அதையே எடுத்தாண்டது. மறந்துபோனது அப்படியல்ல. அதுவும் மன்னிக்கப்பட்டுவிட்டது, நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லுங்கள். பங்குச் சாமிக்கு முகம் தெரியுமே என்று தயங்கினால் வேறு கோயிலுக்குப் போகலாம். கேட்டதை வெளியே சொல்லி ஆளைக் காட்டிக்கொடுக்கும் குருவுக்கு அந்தக் கணமே சபை விலக்கம் வரும்.

அபராதம் என்றால் மாதாவை நோக்கிச் சொல்லும் மூன்று அருள் நிறைந்த மந்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதைக் கோயிலைவிட்டு இறங்குவதற்குள் சொல்லிவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் மறந்துவிடும். கொடுத்த அபராதத்தைச் செய்ய இயலாதென்றால் அங்கேயே சொல்லி மாற்றிக் கேட்கலாம். ஆனால் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பாவம் மன்னிக்கப்பட்டாலும் அது விளைவித்த நஷ்டம் அப்படியே கிடக்கிறது. எடுத்த பணத்தைத் திருப்ப வேண்டும், பெயரைச் சொல்லாமல் கவரில் போட்டு அனுப்பினாலும் சரி. சொந்தக்காரர் இறந்திருந்தால் வாரிசுக்கு, யாரும் கிடைக்காவிட்டால் ஏழைகளுக்கு. அவதூறை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால் மறுப்பும் அதே குழுவில் வர வேண்டும். நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு தருகிறேன் என்றான். நாம் ஒரு மடங்குக்கே யோசிக்கிறோம்.

"எல்லாம் சரி சாமி, என் தம்பியை மட்டும் மன்னிக்க மாட்டேன்." இதை ஒரு நிபந்தனைபோல வைப்பவர்கள் பரலோக மந்திரத்தின் நடுவரியை, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களை மன்னியும் என்று கேட்பதை, மறந்துவிடுகிறார்கள். மத்தேயு 6:15 அந்த வரியை அழுத்தியே சொல்கிறது. அதற்காக உள்ளே எரிவது உடனே அணைந்துவிட வேண்டும் என்பதில்லை. செய்த தீங்கை உணராமலிருப்பதோ மறப்பதோ நம் கையில் இல்லை என்று மறைக்கல்வி நூலே ஒப்புக்கொள்கிறது. பழிவாங்க விரும்பாமல், அவனுக்காக ஒரு மந்திரம் சொல்ல முடிந்தால் தொடங்கிவிட்டது. நிலத் தகராறு வழக்கைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. அடிக்கிற கணவனிடம் திரும்பிப்போக வேண்டியதுமில்லை. 1981 மே 13-இல் தம்மைச் சுட்ட மெகமெத் அலி ஆக்சாவை திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நான்கே நாளில் மன்னித்ததாக அறிவித்தார். 1983 டிசம்பரில் ரோம் சிறைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அப்படி மன்னித்த பிறகும் ஆக்சா இத்தாலியச் சிறையில் இருந்தது 2000 வரை.