ஆக்சஸ் ரிவியூவில் எல்லா வரிக்கும் 'ஓகே' வருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாருக்கு எந்தக் கணினி அனுமதி இருக்கிறது, அது இன்னும் தேவையா என்று அவ்வப்போது சரிபார்ப்பதுதான் ஆக்சஸ் ரிவியூ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துறைத் தலைவருக்கு ஓர் எக்செல் ஷீட் வரும். நானூறு வரி இருக்கும். 'உங்கள் குழுவினரின் அனுமதிகளைச் சரிபார்த்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்' என்று மேலே ஒரு குறிப்பு. அவர் முதல் வரியில் 'ஓகே' போட்டு, அதைக் கடைசி வரி வரை இழுத்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். ஆடிட்டருக்குக் காட்ட ஆவணம் தயார். ஒருவருடைய அனுமதிகூட மாறியிருக்காது.

இதற்கு மேலாளரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குப் போன ஷீட்டில் இருந்தது ஊழியரின் பெயர், பக்கத்தில் 'ஃபின்-ஏபி-ஆர்டபிள்யூ-02' என்று ஒரு குரூப் (ஒரே அனுமதியைப் பலருக்குச் சேர்த்துத் தரும் பட்டியல்) பெயர், அதற்கடுத்து 'வைக்கலாமா, எடுக்கலாமா' என்று ஒரு காலிக் கட்டம். அந்தக் குரூப்பில் இருப்பவர் என்னென்ன செய்ய முடியும் என்பது அதை உருவாக்கியவருக்குத்தான் தெரியும். அவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். புரியாத ஒன்றை எடுக்கச் சொன்னால் நாளைக்கு யார் வேலை நின்றுபோகுமோ என்று பயம். வைத்துக்கொள்ளச் சொன்னால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கை தானாகவே 'ஓகே'வுக்குப் போகிறது.

அதே வரியை இப்படி எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: 'கொள்முதல் பில்களைத் திருத்தலாம், சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றலாம். கொடுத்த காரணம்: ஆண்டுக் கணக்கு முடிப்புக்கு உதவி. கொடுத்து இரண்டு ஆண்டு ஆகிறது. கடைசியாகப் பயன்படுத்தியது 11 மாதம் முன்பு. இதே பதவியில் உள்ள மற்ற ஆறு பேரிடம் இந்த அனுமதி இல்லை.' இதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு 'ஓகே' போட மனசு வராது. ஒவ்வொரு குரூப்புக்கும் சாதாரண மொழியில் ஒரு வரி விளக்கமும், பொறுப்பாளர் பெயரும் எழுதி வைப்பது அலுப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்து ரிவியூ மென்பொருள் வாங்கினாலும், எக்செல்லில் விழுந்த 'ஓகே' பட்டனில் விழும், அவ்வளவுதான்.

நானூறு வரியையும் ஒரே மாதிரி காட்டுவதும் தவறு. அட்மின் உரிமை, சம்பள விவரம், வாடிக்கையாளர் தரவை மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும் உரிமை, பணம் அனுப்பும் உரிமை ஆகியவற்றைத் தனியாகப் பிரித்து முதலில் கேளுங்கள். இந்த வரிகளில் 'வைத்துக்கொள்ளலாம்' என்றால் ஒரு வாக்கியம் காரணம் எழுதச் சொல்லுங்கள். எல்லா வரிக்கும் காரணம் கேட்டால் 'வேலைக்குத் தேவை' என்ற இரண்டு சொல்லை நானூறு இடத்தில் ஒட்டித் தந்துவிடுவார்கள்.

யாரைக் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. மேலாளருக்கு ஆளைத் தெரியும், தரவைத் தெரியாது. தரவின் பொறுப்பாளருக்குத் தரவைத் தெரியும், ஆள் போன மாதம் வேறு குழுவுக்குப் போனது தெரியாது. சாதாரண அனுமதிக்கு மேலாளர் போதும். முக்கியமான தரவுக்கு இருவரும் வேண்டும். தன் அனுமதியைத் தானே சரிபார்க்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. ஐடி குழு பட்டியல் எடுத்துக் கொடுக்கலாம், அகற்றலாம். யாருக்கு எது தேவை என்று முடிவு செய்வது அதன் வேலை இல்லை.

பட்டியலே அரைகுறை

பெரும்பாலான ரிவியூக்கள் ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் விண்டோஸ் கணக்குகள் இருக்கும் மைய அமைப்பு) இருந்தோ, சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் பல செயலிகள்) கன்சோலில் இருந்தோ எடுத்த பட்டியலோடு நின்றுவிடும். கணக்கு மென்பொருளுக்குள் தனியாக உருவாக்கிய யூசர், டேட்டாபேஸில் நேரடியாகக் கொடுத்த லாகின், மார்க்கெட்டிங் குழு தன் கார்டில் வாங்கிய கிளவுட் சேவை, பழைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) இவையெல்லாம் அதில் வராது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் முடங்கியதற்கு வழி விட்டது, பயன்பாட்டில் இருக்க வேண்டியதே இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் கிடையாது, பாஸ்வேர்ட் மட்டும்தான்.

ஒவ்வொரு சிஸ்டத்திலிருந்தும் அக்கவுண்ட் பட்டியலை எடுத்து, எச்ஆரின் இன்றைய ஊழியர் பட்டியலோடு பொருத்துங்கள். எந்த ஊழியரோடும் பொருந்தாமல் மிஞ்சுபவைதான் முதல் வேலை. ஒப்பந்தப் பணியாளர்கள் பல இடங்களில் எச்ஆர் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் முடியும் தேதியையே அக்கவுண்ட் காலாவதி தேதியாகத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் பாதி தலைவலி குறையும்.

அடுத்தது குரூப்புக்குள் குரூப். ஒரு ஃபோல்டருக்கு அனுமதி உள்ள குரூப்பைத் திறந்தால் ஐந்து பெயரும், இன்னொரு குரூப்பின் பெயரும் தெரியும். அந்த இன்னொரு குரூப்புக்குள் மொத்த விற்பனைப் பிரிவும் இருக்கும். நேரடி உறுப்பினர்களை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தால் ரிவியூவில் ஐந்து பேர். உண்மையில் கோப்பைத் திறக்கக்கூடியவர்கள் நூற்றுக்கும் மேல். உள்ளே உள்ள குரூப்புகள் எல்லாவற்றையும் விரித்து, கடைசியில் மனிதர்களின் பெயர் வரும்வரை எடுத்த பட்டியலே பட்டியல். 'எவ்ரிஒன்', 'ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்' போன்ற பெயர்கள் வந்தால் அங்கேயே நின்று பாருங்கள். யாரோ அவசரத்தில் திறந்துவிட்ட கதவு அது.

மைக்ரோசாஃப்ட்டின் கோப்புப் பகிர்வுத் தளமான ஷேர்பாயின்ட்டில் இதற்கு இன்னொரு முகம். ஒரு கோப்பை ஒருவருக்கு லிங்க் போட்டுப் பகிர்ந்தால், அந்தக் கோப்புக்கு மட்டும் தனி அனுமதி உருவாகிறது. பிறகு அவரைத் தளத்தின் உறுப்பினர் குரூப்பில் இருந்து எடுத்தாலும் லிங்க் வழியே கோப்பு திறக்கும். ஆகவே உறுப்பினர் பட்டியல் போதாது, பகிர்வு லிங்க்குகளின் அறிக்கையும் வேண்டும். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' வகைக்குக் காலாவதி நாளைக் கட்டாயமாக்குங்கள்.

டேட்டாபேஸ் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில். ஒரு யூசரிடமிருந்து அனுமதியை ரிவோக் செய்தால் (திரும்பப் பெற்றால்) கட்டளை பிழையில்லாமல் ஓடிவிடும். ஆனால் அந்த அனுமதி அவருக்கு ஒரு ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) மூலமோ, எல்லோருக்கும் பொதுவான 'பப்ளிக்' மூலமோ வந்திருந்தால் எதுவும் மாறாது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் புதிய டேட்டாபேஸ்களில் பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் இருக்கும் பொதுப் பகுதி) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் செய்தவற்றில் அது பழையபடியே தொடரும். 'நாங்கள் 15-க்கு மேல் இருக்கிறோம்' என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கடைசி லாகின் தேதியை அப்படியே நம்புவது

'90 நாளாக லாகின் இல்லை என்றால் முடக்கு' என்பது நல்ல விதி. பிசிஐ டிஎஸ்எஸ் கார்டு பாதுகாப்புத் தரநிலையும் செயலற்ற கணக்குகளுக்கு 90 நாள் என்றே சொல்கிறது. சிக்கல், அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்பதில். ஆக்டிவ் டைரக்டரியில் 'லாஸ்ட் லாகான்' என்ற புலம் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் (லாகினைச் சரிபார்க்கும் சர்வர்) தனித்தனி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. ஒரே சர்வரில் பார்த்துவிட்டு முடிவு செய்தால், பக்கத்து அலுவலகத்தில் தினமும் லாகின் செய்பவரை முடக்கிவிடுவீர்கள். 'லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்' எல்லா சர்வருக்கும் போகும், ஆனால் இயல்பு அமைப்பில் 14 நாள் வரை பின்தங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, ஒருவருடைய அனுமதிகளை இன்னொருவர் சரிபார்க்கும் சில செயல்களாலும் அது புதுப்பிக்கப்படும்; ஆள் வராமலே வந்ததாகக் காட்டும். இந்தத் தேதியோடு இரண்டு வாரம் சேர்த்துக் கணக்கிடுங்கள், நீண்ட விடுப்பில் இருப்பவர்களை எச்ஆரிடம் கேட்டுத் தனியாக வையுங்கள்.

லாகின் ஆவதால் அனுமதி தேவை என்றும் ஆகிவிடாது. ஆள் தினமும் மெயில் பார்க்கிறார். சம்பள ஃபோல்டரை இரண்டு ஆண்டாகத் தொடவில்லை. அக்கவுண்ட்டின் கடைசிப் பயன்பாடு வேறு, அந்த அனுமதியின் கடைசிப் பயன்பாடு வேறு.

போனவர்களைவிட இடம் மாறியவர்கள்

ஒருவர் வேலையை விட்டால் மடிக்கணினியைத் திருப்பித் தர வேண்டும், சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும். எனவே ஐடிக்கு எப்படியும் செய்தி வந்துவிடும். துறை மாறுபவருக்கு யாரும் விடை கொடுப்பதில்லை. புதிய துறையின் அனுமதி அன்றே வேண்டும் என்று ஐடிக்கு டிக்கெட் (கோரிக்கைப் பதிவு) வரும். பழையதை எடுங்கள் என்று டிக்கெட் போட யாருக்கும் அவசரமில்லை. மூன்று முறை துறை மாறியவரிடம் மூன்று துறையின் சாவியும் இருக்கும். அதற்கு மேல், புதிதாகச் சேரும் ஒருவருக்கு 'அவருக்கு இருப்பது மாதிரியே கொடுத்துவிடுங்கள்' என்று இவரைக் காட்டினால், மொத்த மூட்டையும் புதியவர் தலையில் ஏறும். ஆளைப் பார்த்து நகலெடுப்பதை நிறுத்துங்கள். பதவிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து கொடுங்கள். துறை மாறும் தேதியிலேயே பழைய அனுமதிக்கு முடிவு தேதி போட்டுவிட வேண்டும்; பொறுப்பை ஒப்படைக்க இரண்டு வாரம் தாராளம்.

இங்கேதான் வரிவரியாகப் பார்க்கும் ரிவியூ கோட்டை விடுகிறது. புதிய சப்ளையரைச் சேர்க்கும் உரிமை ஒரு வரி, அதில் தவறில்லை. பணம் அனுப்ப ஒப்புதல் தரும் உரிமை இன்னொரு வரி, அதிலும் தவறில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரால் போலி சப்ளையரை உருவாக்கிப் பணம் அனுப்ப முடியும். நிரல் எழுதுவதும் அதைப் புரொடக்ஷனில் (உண்மையில் பயன்பாட்டில் உள்ள அமைப்பு) ஏற்றுவதும், பணம் செலுத்துவதும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும் இதே வகை. ஒன்றாக இருக்கக் கூடாத ஜோடிகளைப் பத்துப் பதினைந்து என்று எழுதி வைத்து, ஆள்வாரியாகத் தனியே ஓட்டிப் பாருங்கள்.

மனிதர் இல்லாத கணக்குகள்

சர்வீஸ் அக்கவுண்ட் (நிரல்கள் பயன்படுத்தும் கணக்கு), ஏபிஐ கீ (நிரல்கள் நுழையும் சாவி), ஓஆத் செயலிகள் (பாஸ்வேர்ட் இல்லாமல் அனுமதி பெற்று இயங்குபவை) ஆகியவை ஊழியர் பட்டியலில் இல்லாததால் ரிவியூவில் இருந்து நழுவிவிடும். மைக்ரோசாஃப்ட்டே இதில் சிக்கியது. 2024 ஜனவரியில் அது வெளியிட்ட தகவலின்படி, ஊடுருவியவர்கள் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கில் நுழைந்து, அங்கே மறந்துபோன ஒரு சோதனை ஓஆத் செயலிக்கு இருந்த பெரிய அனுமதிகளைப் பிடித்துக்கொண்டு நிறுவன மெயில்கள் வரை போனார்கள்.

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் ஒருவரின் கன்சோல் பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அங்கே ஒரு ஐஏஎம் யூசருக்கு (பயனர் கணக்கு) நிரல்கள் வழியே நுழைய இரண்டு ஆக்சஸ் கீ வரை இருக்கலாம். பாஸ்வேர்ட் போனாலும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கும். கீயை எடுத்த எடுப்பில் அழிக்காதீர்கள். முதலில் செயலிழக்கச் செய்து, ஒரு மாத இறுதி கடக்கும்வரை விட்டு, எதுவும் உடையவில்லை என்று தெரிந்தபின் அழியுங்கள். மாதத்தில் ஒரே ஒருநாள் ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் அப்போதுதான் தலைகாட்டும். ஒவ்வொரு மனிதரில்லாக் கணக்குக்கும் ஒரு மனிதர் பொறுப்பாளராக இருக்க வேண்டும். அவர் வேலையை விடும்போது செய்ய வேண்டியவற்றில் 'இவர் பெயரில் உள்ள சர்வீஸ் அக்கவுண்ட்டுகள் யாருக்கு மாறுகின்றன' என்ற கேள்வியும் இருக்க வேண்டும்.

டிக்கெட் மூடியது, அனுமதி போகவில்லை

'எடுக்கலாம்' என்று மேலாளர் குறித்தார், டிக்கெட் போனது, மூடப்பட்டது. பெரும்பாலான இடங்களில் ரிவியூ இதோடு முடிகிறது. ஆனால் குரூப்பில் இருந்து ஒருவரை எடுத்தாலும், ஏற்கெனவே லாகின் செய்திருக்கும் விண்டோஸ் செஷன் பழைய அனுமதிகளோடுதான் ஓடும். வெளியேறி மறுபடி நுழையும்போதுதான் மாறும். விண்டோஸ் நெட்வொர்க்கில் அடையாளச் சீட்டாகச் செயல்படும் கெர்பரோஸ் டிக்கெட்டின் இயல்பு ஆயுள் 10 மணி நேரம். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் லாகின் சேவையான என்ட்ராவில் ஏற்கெனவே வழங்கிய ஆக்சஸ் டோக்கன் (தற்காலிக நுழைவுச் சீட்டு) பொதுவாக 60 முதல் 90 நிமிடம் வரை செல்லும். சந்தேகத்துக்குரிய ஆளை நீக்கும்போது கணக்கை முடக்குவதோடு, செஷன்களையும் ரத்துசெய்ய வேண்டும். சிங்கிள் சைன்-ஆனில் முடக்கினாலும், செயலிக்குள் அவர் உருவாக்கிய தனிப்பட்ட டோக்கன் சில சேவைகளில் உயிரோடு இருக்கும். அதை அந்தச் செயலிக்குள் போய்த்தான் எடுக்க வேண்டும்.

அகற்றல் வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து, முதலில் பட்டியல் எடுத்த அதே வினவலை (சிஸ்டத்திடம் பட்டியல் கேட்கும் கட்டளை) மீண்டும் ஓட்டிப் புதுப் பட்டியல் எடுங்கள். 'எடுக்கலாம்' என்று குறித்த ஒவ்வொரு வரியும் அதில் இல்லை என்பதை, அகற்றியவர் அல்லாத ஒருவர் பார்க்கட்டும். எடுத்த தேதி, நேரம், பயன்படுத்திய வினவல் மூன்றையும் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். பட்டியல் முழுமையானதுதானா என்பதே ஆடிட்டரின் முதல் கேள்வி.

பதில் வராத வரிகளை என்ன செய்வது? பல கருவிகளில் 'பதில் இல்லை என்றால் மாற்றம் வேண்டாம்' என்று வைத்துவிட முடியும். அப்படி வைத்தால் சோம்பலுக்குப் பரிசு கொடுத்த மாதிரி. 'எடுத்துவிடு' என்று வைப்பதே சரி. ஆனால் சர்வீஸ் அக்கவுண்ட்டுகளுக்கும் அவசரகால அட்மின் கணக்குகளுக்கும் அந்த விதியைப் போடாதீர்கள். எல்லோரும் வெளியே பூட்டப்பட்ட நாளில்தான் அதன் விலை தெரியும். எடுத்த அனுமதியை ஒரே நாளில் திருப்பித் தரும் வழி இருந்தால் மேலாளர்களும் துணிந்து 'இல்லை' என்பார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பிசிஐ டிஎஸ்எஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது என்கிறது. அட்மின் உரிமைகளுக்கு அது மிக நீளம், காலாண்டு நல்லது. பொது அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதிக்கு ஆண்டுக்கு ஒருமுறையே அதிகம்.

முதல்முறை தொடங்குகிறீர்கள் என்றால் மொத்த நிறுவனத்தையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். அட்மின் கணக்குகளையும் சம்பளத் தரவையும் மட்டும் எடுத்து, பட்டியலில் தொடங்கி அகற்றியதைச் சரிபார்ப்பது வரை ஒரு சுற்று முழுதாக ஓட்டுங்கள். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் மட்டும் வேண்டாம்.