பிள்ளை வரைந்த படத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க

என் சின்ன மகளுக்குப் படம் வரைவதுதான் தொழில். கொழும்பில் ஹோட்டல் சுவர்களில் வரைகிறாள், சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்கு வரைகிறாள், இடைக்கிடை கண்காட்சியும் வைக்கிறாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னமும் "டீச்சர் வேலைக்கு எழுதிப் போடலயா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி மாளாது. அவள் படங்கள் இருக்கிற பெட்டியைத் திறந்து காட்டிவிடுவேன்.

மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்து எங்கள் காம்பராவில்தான் (லயத்து அறையில்) அவள் ஸ்கூல் காலத்துப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. பாட்டி தலையில் கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க) நிற்கிற கரிப் படம், கணக்குக் கொப்பியின் ஓரத்தில் வரைந்த கோழி, எல்லாம் பத்திரம். நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கிற டிரையர் பக்கம் வேலை செய்தவன். ஈரத்தின் குணம் எனக்குத் தெரியும். இப்படிப் பிள்ளை பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

டிரையரிலிருந்து வரும் தேயிலைத் தூளில் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான் ஈரம் இருக்கும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். படம் வரைகிற தாளும் அப்படித்தான். அதனால் காயாத தாளைப் பெட்டியில் போட்டு மூடாதீர்கள். ஈரத்தையும் சேர்த்துப் பூட்டின மாதிரி ஆகும்.

காயவைக்கக் காலம் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாக்காரர்கள் மாசி பங்குனியில், தென்மேற்குப் பருவமழை தொடங்க முன்னமே முடித்துவிடுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆடிக் காற்றடிக்கிற நாட்கள் தோது. வெயில் நன்றாக ஏறின பிறகு கட்டிலில் சுத்தமான சேலையை விரித்து, தாள்களை ஒன்றோடொன்று படாமல் பரப்புங்கள். நேர் வெயில் வேண்டாம், நிறம் வெளுத்துப்போகும். பின்னேரம் மிஸ்ட் இறங்க முன் எடுத்துவிட வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் கூடுதல் கவனம் தேவை. அடுப்புக்கு மேலே பரண் காய்ந்துதான் இருக்கும், ஆனால் விறகுப் புகை படத்தை மஞ்சளாக்கிவிடும். தகரக் கூரைக்கு நேர் கீழேயும் கூடாது; விடியற்காலைக் குளிரில் தகரத்தின் உட்புறம் வியர்த்துச் சொட்டும். மழை அடிக்கிற பக்கத்துச் சுவர் ஊறியே இருக்கும், கை வைத்துப் பார்த்தால் தெரியும். உள்சுவர்ப் பக்கமாக, நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை அடித்து, அதன் மேல் மூடி இறுகப் பூட்டுகிற பிளாஸ்டிக் பெட்டியை வையுங்கள்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடலாம். புதுச் சப்பாத்தோடு வருகிற குட்டிப் பொட்டலம் ஒன்றிரண்டு காணாது. சிலர் அரிசி போடச் சொல்வார்கள். எலிக்கும் வண்டுக்கும் விருந்து வைக்க விருப்பமென்றால் போடுங்கள். படங்களுக்கு நடுவே பழைய பேப்பர் வைக்காதீர்கள்; அது மஞ்சளாகிப் பக்கத்துத் தாளையும் கெடுக்கும். வெள்ளை டிஷ்யூத் தாள் போதும். கரிப் படத்தின் மேல் எதையும் தேய்க்காமல் மெதுவாக வையுங்கள்.

செலோடேப் ஒட்டாதீர்கள். டவுனில் லேமினேட் பண்ணித் தருகிறோம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. ஃபிரேம் போட்டால் கண்ணாடி படத்தில் முட்டாமல் இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

படத்தின் பின்பக்கம் வருஷத்தையும் இடத்தையும் பென்சிலால், அழுத்தாமல் எழுதி வையுங்கள். மை பேனா மறுபக்கம் ஊறும். போன கண்காட்சிக்குப் பாட்டி படத்தைக் கேட்டாள், கொடுத்தனுப்பினேன். சுவரில் அதன் கீழே ஒரு சின்னச் சீட்டு: "கரி, தாள். அப்பாவின் சேகரிப்பிலிருந்து." சேகரிப்பாம்! அந்தச் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த எங்கள் பழைய டீமேக்கர் ஐயாவுக்கு அனுப்பினேன்.

பிள்ளை தூரத்திலிருந்து படம் கேட்டால் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் "நல்லா இருக்கே, ஒண்ணு தாங்களேன்" என்பார்கள். சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் நம்பரைக் கொடுங்கள், விலையை அவளே சொல்லட்டும்.