எழுதுகிறவர்களை வாசகருக்கு அறிமுகப்படுத்துவது எப்படி?

ஐந்தாறு பேர் சேர்ந்து சினிமா, நாடகம், ஓவியம், இசை, புத்தகம் என்று எழுதக் கிளம்பினால், முதல் கட்டுரை தயாராகும் முன்பே ஒரு வேலை வந்து நிற்கும். இங்கே யார் யார் எழுதுகிறார்கள் என்று வாசகரிடம் சொல்லியாக வேண்டும். வழக்கமாகக் குழுவில் ஒருவர் "எல்லாரும் உங்க பயோ அனுப்பிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் போடுவார். ஒருவரிடமிருந்து ஒரே ஒரு வரி வரும், இன்னொருவர் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் அனுப்புவார், மூன்றாமவர் டெட்லைன் முடிந்து ஒரு வாரம் கழித்தும் "நாளைக்குத் தரேன்" என்பார். வந்ததை வந்தபடி ஒட்டி வைத்தால், அதிகம் எழுதி அனுப்பியவர் பெரிய ஆள் போலவும் கூச்சப்பட்டவர் சும்மா கூட வந்தவர் போலவும் தெரியும்.

ஆகவே முதல் விதி: பயோ கேட்காதீர்கள், கேள்வி கேளுங்கள். பதில்களை வைத்து ஒரே ஒரு ஆள் எல்லாருடைய குறிப்பையும் எழுதட்டும்.

என்ன கேள்வி கேட்பது என்பது, அறிமுகம் எதற்கு என்பதைப் பொறுத்தது. கலையைப் பற்றி எழுதுகிறவருடைய அறிமுகம் வேலைக்குப் போடும் விண்ணப்பம் இல்லை. ஒரு நாடகம் சரியில்லை என்று ஒருவர் சொன்னால், சொல்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இது புதுக் கவலை ஒன்றும் இல்லை. 1902இல் தொடங்கிய லண்டன் இதழான டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட், எழுபது வருடத்துக்கும் மேலாக மதிப்புரைகளைப் பெயர் போடாமல்தான் வெளியிட்டது. 1974இல் ஜான் கிராஸ் ஆசிரியரானதும்தான் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. எழுதியவர் யார் என்று பார்க்காமல் எழுத்தைப் பார் என்பது ஒரு கட்சி; பெயர் தெரியாத மறைவில் நண்பனைத் தூக்கிவிடவும் வேண்டாதவனைப் போட்டுத்தாக்கவும் முடியுமே என்பது எதிர்க்கட்சி. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். ஆனால் பெயரை மட்டும் போட்டால் வாசகருக்கு அரைப் பதில்தான் கிடைக்கும்.

சரி, கேள்விகள். எந்தக் கலையை நீங்களே செய்கிறீர்கள், அல்லது செய்து பார்த்து விட்டுவிட்டீர்கள்? எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்களை நிறுத்த முடியாது? எது உங்களுக்குப் பிடிபடவே இல்லை? எல்லாரும் கொண்டாடுகிற எந்த விஷயத்தில் உங்களுக்கு ஒப்புதல் இல்லை? யாரைப் பற்றி நீங்கள் எழுதக் கூடாது? இந்த ஐந்தும் போதும். மூன்றாவது கேள்விக்கு நிறையப் பேர் முதலில் மழுப்புவார்கள், விடாமல் கேளுங்கள். "நடனம் பார்க்கப் போவேன், ஆனால் அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை" என்று ஒருவர் சொல்லும் அந்த ஒரு வரி, அவர் நாடகத்தைப் பற்றிச் சொல்வதை நம்ப வைத்துவிடும்.

இப்போது குறிப்பை எழுதுங்கள். பொதுவாக வருவது இப்படி இருக்கும்: "பன்முகத் திறமை கொண்ட வளர்ந்துவரும் எழுத்தாளர். கலை, இலக்கியத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். பல்வேறு இதழ்களில் தொடர்ந்து எழுதிவருகிறார்." இதை யார் பெயருக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும். அதனாலேயே இது யாருக்கும் உதவாது. இதே ஆளிடம் அந்த ஐந்து கேள்வியைக் கேட்டு எழுதினால் இப்படி வரலாம்: "நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவர். அதனால் எந்த மேடையைப் பார்த்தாலும் முதலில் கண் போவது நிழல் எங்கே விழுகிறது என்பதில்தான். வசனத்தை நம்பி ஓடும் நாடகங்களில் பொறுமை குறைவு, அவற்றைக் குழுவில் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்." இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை, ஆனால் அது தெரிகிறது. நீளமும் இவ்வளவு போதும். தமிழில் முப்பது சொல்லிலேயே நிறையச் சொல்லிவிடலாம், ஐம்பதைத் தாண்டினால் வெட்டுங்கள். விருதுகள் இருந்தால் ஒன்று, அதுவும் எழுதப்போகிற விஷயத்தோடு தொடர்பிருந்தால் மட்டும்.

எல்லாரும் "நான்" என்று பேசலாம், அல்லது எல்லாரையும் "அவர்" என்று எழுதலாம். கலக்க வேண்டாம். எனக்கு "அவர்" பிடிக்கும், காரணம் மரியாதை மட்டும் இல்லை. தமிழில் "அவர்" என்றால் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை, அதைச் சொல்ல விரும்பாதவர்களுக்கு இது பெரிய வசதி. அந்த வசதியைக் கெடுத்துக்கொண்டு ஒருவரை மட்டும் "பெண் கவிஞர்" என்று எழுதாதீர்கள். பக்கத்தில் இருப்பவரை "ஆண் கவிஞர்" என்றா எழுதியிருக்கிறீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கு வருவோம், இங்கேதான் குழுக்கள் நழுவப் பார்க்கும். கலை உலகம் சின்னது. ஓவியம் பற்றி எழுதுகிறவர் ஒரு கேலரியில் வேலை பார்ப்பார், புத்தகம் பற்றி எழுதுகிறவருடைய துணைவர் பதிப்பகம் நடத்துவார், இசை பற்றி எழுதுகிறவர் ஒரு பாடகரிடம் பத்து வருடம் படித்திருப்பார். இதெல்லாம் குற்றம் இல்லை, சொல்லப்போனால் இந்தப் பழக்கத்தால்தான் அவர்களுக்கு விஷயம் தெரிகிறது. மறைத்தால்தான் சிக்கல். தவிர்க்க முடியாத உறவுகளை வெளிப்படையாகச் சொல்லிவிடு என்பது பத்திரிகையாளர்களின் நெறிமுறைகளிலும் வழக்கமாக இருக்கும் விதிதான். அறிமுகத்தில் ஒரு வரி போதும்: "ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறார், அந்தப் பதிப்பகத்தின் நூல்களுக்கு இங்கே மதிப்புரை எழுத மாட்டார்." பதிப்பகத்தின் பெயரையும் போட்டுவிடுவது நல்லது, போடாவிட்டால் வாசகரால் சரிபார்க்க முடியாது.

புனைபெயரில் எழுதுகிறவர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எலெனா ஃபெரான்டே என்ற பெயரில் எழுதும் இத்தாலிய நாவலாசிரியர் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாக 2016இல் ஒரு பத்திரிகையாளர் அறிவித்தார். அதற்கு அவர் துழாவியது பணம் கைமாறிய பதிவுகளையும் சொத்துப் பத்திரங்களையும். அந்த எழுத்தாளர் தன்னை மறைத்துக்கொள்வது வேண்டுமென்றே எடுத்த முடிவு, அதில் கை வைக்க இவர் யார் என்று வாசகர்களே கொதித்தார்கள். நம் குழுவில் இருப்பவரைத் தேடி யாரும் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை, ஆனால் நாமே காட்டிக்கொடுத்துவிடலாம். ஊர், தொழில், வயது மூன்றையும் சேர்த்துப் போட்டால் தெரிந்தவர்கள் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். மொபைலில் எடுத்த படமானால் அதற்குள்ளேயே இடமும் நேரமும் பதிவாகியிருக்கலாம், நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். நிஜப் பெயர் குழுவில் யாருக்கெல்லாம் தெரியலாம் என்பதை அவரிடமே கேட்டு முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படம் கட்டாயம் இல்லை. போட்டால், எடுத்தவரிடம் அனுமதி வாங்கி அவர் பெயரையும் போடுங்கள். பார்வையற்ற வாசகர்களுக்காகப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒருவருக்கு ஸ்டுடியோ படம், இன்னொருவருக்கு எங்கோ கூட்டத்தில் வெட்டி எடுத்த பாதி முகம் என்று இருந்தால் பார்க்கச் சகிக்காது. அதற்குப் படமே இல்லாமல் விட்டுவிடலாம்.

வரிசை விஷயத்தில் நிறுவனர் முதலில், மூத்தவர் அடுத்து என்று போனால் மனஸ்தாபம் நிச்சயம். அகரவரிசைதான் பத்திரம். ஆனால் இனிஷியலை வைத்து அடுக்குவதா, பெயரை வைத்தா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள் (பெயரை வைத்து அடுக்குங்கள், தேடுகிறவர் அப்படித்தான் தேடுவார்).

எழுதி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் குறிப்பைக் காட்டி "சரி" என்ற சொல்லை எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது. அவர்கள் செய்யும் திருத்தங்களில் உண்மையைத் திருத்துவது எல்லாம் ஏற்க வேண்டியது, புகழ்ச்சியைச் சேர்ப்பது பேச வேண்டியது. அப்புறம் குறிப்புக்குக் கீழே எந்த மாதம் எழுதியது என்று போட்டு வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை திரும்ப அனுப்பி, மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். வேலை மாறியிருக்கும், பதிப்பகத்தில் இருந்தவர் வெளியே வந்திருப்பார், கேலரி பக்கமே போகாதவர் கண்காட்சி அமைத்துக்கொண்டிருப்பார். அதையொட்டி அவர் எதை எழுதலாம், எழுதக் கூடாது என்பதும் மாறும்.

குழுவை விட்டுப் போனவரின் குறிப்பை அழித்துவிடாதீர்கள், கோபித்துக்கொண்டு போயிருந்தாலும் சரி. அவருடைய பழைய கட்டுரைகளைப் படிக்கிறவருக்கு அது தேவை. "இன்ன வருடம் வரை எழுதினார்" என்று கடைசியில் சேர்த்துவிட்டு, பட்டியலில் கீழே தனியாக வையுங்கள். தன் குறிப்பை எடுத்துவிடச் சொல்லி அவரே கேட்டால் மட்டும் எடுங்கள், கட்டுரைகளில் பெயர் இருக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.